ஈரற் புற்றுநோயும் இரத்தப் புரதமும்



என்னோடு ஒரே பாடசாலையிற் பல்லாண்டு கற்பித்த நண்பர் ஒருவருக்கு ஈரலிற் புற்றுநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. கட்டி ஒன்றே, ஈரலின் ஓரத்தில் இருந்தது, வெட்டி அகற்றக்கூடியது என்று வைத்தியர்கள் கூறினர். நாளும் குறிக்கப்பட்டது. உறவினர்கள் ஊரிலிருந்து வந்து சேர்ந்தனர். ஆனால், குறித்த நாளுக்கு மூன்று தினங்களுக்கு முன், சத்திரசிகிச்சை நிபுணர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "இப்பொழுது வேண்டாம், மூன்று வாரம் பொறுப்போம்" என்று கூறிவிட்டார். அதற்குக் காரணம் அந்தத் தாளில் இருந்த ஓர் எண். இரத்தத்தில் அல்புமின் என்னும் புரதம் லீற்றருக்கு 29 கிராம் மட்டுமே இருந்தது.

நண்பரின் மூத்த மகளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "புற்று வளர்ந்துகொண்டிருக்கிறதே, டொக்டர்! சாப்பாட்டைத் திருத்துவதற்காகவா நாங்கள் காத்திருப்பது?" என்று கேட்டார். அருகில் நின்ற எனக்கும் அக்கேள்வி நியாயமானதாகவே பட்டது. நான் வைத்தியன் அல்லேன், கலைப் பட்டதாரி. ஆயினும், அன்று விடை தெரியாது நின்ற நான், பின்னர் வைத்தியர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். ஏனெனில், இத்தகைய நிலை நம்முள் எந்தக் குடும்பத்திற்கும் நேரலாம். நேரும்போது, காத்திருப்பதன் காரணம் தெரிந்தவர்கள் அச்சமின்றிக் காத்திருப்பர்.

முதலில் ஈரலைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். வயிற்றின் வலப்புறத்தில், விலாவெலும்புகளின் மறைவில் இருக்கும் இவ்வுறுப்பு, வளர்ந்த ஒருவரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ளது. நிமிடமொன்றுக்கு ஒன்றரை லீற்றர் வரையிலான இரத்தம் அதனூடாகப் பாய்கின்றது. நாம் உண்ட உணவின் சத்துக்கள் குடலிலிருந்து பெரும்பாலும் இரத்தத்தின் வழியாக ஈரலைத்தான் முதலில் அடைகின்றன. அங்கே அவை பிரிக்கப்பட்டு, மாற்றப்பட்டு, சேமிக்கப்பட்டு, உடலெங்கும் அனுப்பப்படுகின்றன. நஞ்சுகள் முறிக்கப்படுவதும், பித்தம் சுரப்பதும், இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்கள் ஆக்கப்படுவதும் அங்கேயே.

அந்த ஈரல் ஆக்கி இரத்தத்திற் சேர்க்கும் புரதங்களுள் அளவால் முதன்மையானது அல்புமின். உடலில் வேறெந்த உறுப்பும் இதனை ஆக்குவதில்லை. நலமுள்ள ஈரல் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை அல்புமினை ஆக்கி இரத்தத்திற் சேர்க்கின்றது. நலமுள்ளவரின் இரத்தத் திரவத்தில் லீற்றருக்கு 35 முதல் 50 கிராம் வரை இது காணப்படும். ஆகவே, இரத்தத்தில் அல்புமின் எவ்வளவு என்று பார்ப்பது, ஆலைக்குள் நுழையாமலே அதன் வாயிலில் நின்று வெளியேறும் வண்டிகளை எண்ணுவது போன்றது. உள்ளே வேலை நடக்கின்றதா, தளர்ந்துவிட்டதா என்பதை அவ்வெண்ணிக்கை ஓரளவு காட்டிவிடும்.

அல்புமின் செய்யும் தொழில் யாது? இரண்டைக் கூறுவேன். முதலாவது, நீரைக் குழாய்க்குள் நிறுத்தி வைத்தல். நம் உடலின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் முற்றாக அடைக்கப்பட்டவை அல்ல. இதயம் தள்ளும் விசையால் அச்சுவர்களூடாக நீர் வெளியே கசிய முயன்றுகொண்டே இருக்கும். ஊறுகாய்க்கென உப்பிட்ட மாங்காய்த் துண்டுகளிலிருந்து நீர் வெளிவருவதைப் பெண்கள் நாளும் காண்கின்றனர். உப்பு நீரைத் தன்பால் இழுக்கின்றது. அதுபோலவே, குழாயினுள் இருக்கும் அல்புமின் நீரைத் தன்பால் இழுத்து நிறுத்துகின்றது. தள்ளும் விசைக்கும் இழுக்கும் விசைக்கும் இடையிலான இந்தச் சமநிலையை 1896 ஆம் ஆண்டில் ஏர்னஸ்ட் ஸ்ராலிங் என்னும் ஆங்கிலேய உடற்றொழிலியல் அறிஞர் விளக்கினார். அல்புமின் குறைந்தால் சமநிலை குலைகின்றது. காலில் வீக்கம் காண்கின்றது. வயிற்றில் நீர் சேர்கின்றது. நம் முன்னோர் மகோதரம் என்று அஞ்சிய நிலை அதுவே.

இரண்டாவது தொழில், சுமத்தல். பித்த நிறப்பொருள், கொழுப்பமிலங்கள், கல்சியத்தின் ஒரு பகுதி, நாகம், நாம் உட்கொள்ளும் மருந்துகள் பல ஆகியவை தாமாக இரத்தத்தில் நீந்திச் செல்வதில்லை; அல்புமினின் தோளில் ஏறியே செல்கின்றன. சுமப்பவர் குறைந்தால், மருந்தின் அளவும் வேகமும்கூட மாறிவிடக்கூடும்.

இனி, சத்திரசிகிச்சைக்கு வருவோம். ஈரலில் ஒரு வியப்பான ஆற்றல் உண்டு, அது வளரும். பழைய கிரேக்கக் கதையொன்றில், பாறையிற் கட்டுண்ட புரோமீதியசின் ஈரலைக் கழுகு ஒன்று நாடோறும் உண்ணும். இரவில் அது மீண்டும் வளர்ந்துவிடும். கதை மிகையானதாயினும் அடிப்படை உண்மையே. 1931 ஆம் ஆண்டில் ஹிக்கின்ஸ், அண்டர்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், எலிகளின் ஈரலில் மூன்றிலிரு பங்கை வெட்டி அகற்றிப் பார்த்தனர். சில நாள்களில் எஞ்சிய பகுதி பெருத்து ஏறத்தாழப் பழைய எடையை எட்டியது. மனிதனில் இதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். வெட்டப்பட்ட துண்டு மீண்டும் முளைப்பதில்லை; எஞ்சிய பகுதியே பெருக்கின்றது.

இந்த ஆற்றலை நம்பியே ஈரலைச் சத்திரவைத்தியர் வெட்டுகின்றனர். 1952 இல் பாரிசு நகரில் லோற்றா ஜாக்கோப் என்பவர் ஈரலின் வலப்பகுதி முழுவதையும் ஒழுங்குமுறையாக அகற்றிக் காட்டினார். 1957 இல் குய்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர், ஈரல் எட்டுப் பகுதிகளாகப் பிரிந்திருப்பதை, குழாய்களின் கிளைகளைப் பின்பற்றி விளக்கினார். வியட்நாமின் ஹனோய் நகரில் தொன் தத் துங் என்னும் அறிஞர் இத்துறையிற் பெரும் பணி ஆற்றினார். இன்று ஈரலை வெட்டுதல் பயிற்சி பெற்ற இடங்களிற் பெரிதும் பாதுகாப்பான சிகிச்சையாகிவிட்டது.

ஆனால், இங்கேதான் சிக்கல். நலமுள்ள ஈரலாயின், அதன் நாலில் ஒரு பங்கு எஞ்சினாலும் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர். ஈரற் புற்றுநோயோ நலமுள்ள ஈரலிற் பெரும்பாலும் தோன்றுவதில்லை. பி, சி என்னும் வைரசுகளாலும், மதுவாலும், ஈரலிற் கொழுப்புப் படிவதாலும் ஆண்டுக்கணக்கில் வடுப்பட்டு இறுகிப்போன ஈரலிலேயே அது பெரிதும் தோன்றுகின்றது. இவ்விறுக்கத்தைச் சிரோசிஸ் என்பர். இறுகிய ஈரல் மெதுவாகவே வளரும்; ஆகவே, நூற்றுக்கு 40 பங்காவது எஞ்சவேண்டும் என்று நிபுணர் கருதுவர். அவ்வாறு எஞ்சும் பகுதி, நோயாளி கண்விழித்த கணத்திலிருந்தே முழு உடலின் பாரத்தையும் சுமக்கவேண்டும், அதே வேளையில் தானும் வளரவேண்டும், வெட்டுக்காயத்தையும் ஆற்றவேண்டும். ஒரு வீட்டைத் திருத்தும்போது, அவ்வீட்டிலேயே குடியிருந்துகொண்டு, அடுப்பையும் அணையாது காப்பது போன்ற வேலை அது. அவ்வேலைக்கு வேண்டிய கல்லும் மண்ணும் புரதமே.

எனவே, கத்தியை எடுக்குமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். எஞ்சப்போகும் ஈரல் அளவிற் போதுமா? அது ஆற்றலிற் போதுமா? முதற் கேள்விக்கு ஸ்கான் படங்கள் விடை தரும். இரண்டாவது கேள்விக்கு விடை தருவனவற்றுள் அல்புமின் ஒன்று.

இஃது இன்று நேற்று அறியப்பட்டதன்று. 1964 இல் சைல்ட், ரேர்க்கொட் என்னும் அமெரிக்கச் சத்திரவைத்தியர் இருவர், ஈரல் நோயாளருள் யார் சத்திரசிகிச்சையைத் தாங்குவர் என்று மதிப்பிட ஒரு முறை வகுத்தனர். அவர்கள் பார்த்தவை ஐந்து: இரத்தத்திற் பித்த நிறப்பொருள், அல்புமின், வயிற்று நீர், அறிவுத் தெளிவு, உடலின் ஊட்டநிலை. 1973 இல் இலண்டனில் பியூ என்பவரும் அவருடன் பணியாற்றியோரும், ஊட்டநிலைக்குப் பதிலாக இரத்தம் உறையும் நேரத்தைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் வழங்கினர். அல்புமின் லீற்றருக்கு 35 கிராமுக்கு மேலாயின் ஒரு புள்ளி. 28 முதல் 35 வரை இரண்டு. 28 இற்குக் கீழாயின் மூன்று. பாடசாலையிற் கூடிய புள்ளி பெற்றவர் வென்றவர்; இங்கோ குறைந்த புள்ளி பெற்றவரே நலமுள்ளவர். மொத்தம் 5 அல்லது 6 ஆயின் முதல் வகுப்பு. 7 முதல் 9 வரை இரண்டாம் வகுப்பு. அதற்கு மேல் மூன்றாம் வகுப்பு. ஈரலை வெட்டும் சிகிச்சை பெரும்பாலும் முதல் வகுப்பினருக்கே உரியது. 2015 இல், அல்புமின், பித்த நிறப்பொருள் ஆகிய இரண்டை மட்டுமே கொண்டு கணிக்கும் புதிய முறையொன்றும் வெளியாயிற்று. அரை நூற்றாண்டிற்கு மேலாக அளவுகோல்கள் மாறியும் அல்புமின் மட்டும் அவற்றுள் நிலைத்து நிற்பதைக் கவனியுங்கள்.

என் நண்பர் மொத்தத்தில் 6 புள்ளிகள் பெற்றவர். முதல் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்தவர் எனலாம். அந்த ஆறாவது புள்ளியைக் கூட்டியது அல்புமினே.

அல்புமின் குறைந்த நிலையில் ஈரலை வெட்டினால் நேர்வது யாது? பல நாடுகளிற் செய்யப்பட்ட ஆய்வுகள் ஏறத்தாழ ஒரே திசையைக் காட்டுகின்றன. அத்தகையோருக்குச் சத்திரசிகிச்சையின் பின் வயிற்றில் நீர் சேர்வது மிகுதி, கிருமித்தொற்று மிகுதி, காயம் ஆறுவது மெதுவாகின்றது, எஞ்சிய ஈரல் தளர்ந்துவிடும் அபாயமும் கூடுகின்றது. வைத்தியசாலையில் தங்கும் நாள்கள் நீள்கின்றன. நெடுங்கால உயிர்வாழ்வும் சராசரியிற் குறைவாகவே காணப்படுகின்றது. இவை அனைவருக்கும் நேரும் என்பதன்று. நேரும் வாய்ப்பு மிகுதி என்பதே பொருள்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. "அல்புமின் குறைவாயின், அதனை ஊசி மூலம் ஏற்றிவிட்டால் ஆயிற்றே? ஏன் மூன்று வாரம்?" நண்பரின் மகளும் இதையே கேட்டார். அல்புமினைப் பிறர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் முறையை, அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வின் கோன் என்பவர் 1940 ஆம் ஆண்டளவில் கண்டறிந்தார். 1941 இல் பேர்ள் துறைமுகத்திற் காயமுற்றோருக்கு அது வழங்கப்பட்டது. இன்றும் வைத்தியசாலைகளில் அது கிடைக்கின்றது.

நான் ஓர் ஆசிரியன். ஆதலின் எனக்குத் தெரிந்த உவமையையே கூறுகின்றேன். தேர்ச்சி அறிக்கையில் 29 என்றிருப்பதை அழித்து 40 என்று எழுதிவிட்டால், பிள்ளை கணிதம் கற்றுவிட்டான் ஆகமாட்டான். புள்ளி என்பது ஒரு நிலையின் அறிகுறி. அல்புமினும் பெரும்பாலும் அத்தகையதே. 2021 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று இதனைத் தெளிவாகக் காட்டிற்று. சிரோசிஸ் முற்றி வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட 777 நோயாளருள் ஒரு சாராருக்கு, இரத்த அல்புமின் 30 ஐ எட்டும்வண்ணம் நாடோறும் அது ஏற்றப்பட்டது. மறு சாராருக்கு வழமையான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. எண் உயர்ந்தது, ஆனால் கிருமித்தொற்றும், சிறுநீரகப் பாதிப்பும், மரணமும் அதனாற் குறையவில்லை. மாறாக, நுரையீரலில் நீர் கோத்தல் முதலிய தீங்குகள் ஏற்றப்பட்டவரிடையே கூடுதலாகக் காணப்பட்டன. வயிற்று நீரைப் பெருமளவில் வெளியேற்றும்போதும், அந்நீரிற் கிருமி தொற்றியபோதும் அல்புமின் ஏற்றுவது உண்மையிற் பயன் தருகின்றது. அவ்வாறான தேவைகளை வைத்தியரே அறிவர். ஆனால், எண்ணை உயர்த்துவதற்காக மட்டும் ஏற்றுதல் பயனற்றது.

அவ்வாறாயின், எண் ஏன் தாழ்ந்தது என்று ஆராய்தலே முறை. காரணங்கள் பல. ஈரலே ஆக்கும் ஆற்றலை இழந்திருக்கலாம். உடலில் எங்கேனும் கிருமித்தொற்றோ அழற்சியோ இருந்தால், ஈரல் அல்புமினைக் குறைத்து வேறு புரதங்களை ஆக்கத் தொடங்கும். சிறுநீரகத்தின் வழியே அல்புமின் ஒழுகிப் போகலாம். இறுதியாக, ஆலை இயங்கத் தயாராக இருந்தும், மூலப்பொருள் வந்து சேராதிருக்கலாம். அதாவது, உணவிற் புரதம் போதாமை.

நண்பரின் நிலையில் இவ்விறுதிக் காரணம் பெரும் பங்கு வகித்தது. சில மாதங்களாக அவருக்குப் பசியின்மையும் களைப்பும் இருந்தன. வீட்டார் அதனைச் செங்கமாரி என்று எண்ணி, அன்பு மிகுதியாற் கடும் பத்தியம் வைத்தனர். மீன் இல்லை; முட்டை இல்லை; பருப்பும் இல்லை. கஞ்சியும் உப்பில்லாத மரக்கறியுமே உணவு. ஈரல் நோய்க்குப் புரதம் ஆகாது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இதற்காக வீட்டாரை மட்டும் குறை கூறுவது அறமன்று. நோயாளியின் அறிவு மயங்கிவிடும் என்று அஞ்சி, வைத்திய உலகமே நெடுங்காலம் ஈரல் நோயாளருக்குப் புரதத்தைக் குறைத்து வந்தது. அவ்வழக்கம் தவறானது என்று பின்னர் அறியப்பட்டது. இன்று ஐரோப்பிய ஊட்டவியல் நெறிமுறைகள், சிரோசிஸ் உள்ளவர் உடலெடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் உண்ணவேண்டும் என்கின்றன. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு இது 72 முதல் 90 கிராம்.

இது சிறிய அளவன்று. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராம் அளவில். ஒரு குவளைப் பாலில் 6 அல்லது 7 கிராம். சமைத்த பருப்பு 100 கிராமில் 7 முதல் 9 கிராம் வரை. கஞ்சியை மட்டும் குடித்து இவ்வளவை எட்ட இயலாது. மீன், முட்டை உண்ணாதவர்கள் பயறு, கடலை, கௌபி, சோயா, தயிர் ஆகியவற்றால் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் வயிற்றில் நீர் சேர்ந்தவர்கள் கருவாடு முதலிய உப்புமிக்க பொருள்களைத் தவிர்க்கவேண்டும். அங்கே தீங்கு செய்வது உப்பேயன்றிப் புரதமன்று. சிறுநீரக நோய், நீரிழிவு முதலியன உள்ளவர்கள் வைத்தியரின் சொற்படியே அளவை அமைத்தல் வேண்டும்.

இன்னொரு செய்தி. நலமுள்ள ஈரல் இரவுக்கு வேண்டிய சக்தியைச் சேமித்து வைத்திருக்கும். இறுகிய ஈரலாற் போதிய அளவு சேமிக்க இயலாது. ஆகவே, இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடையில் அத்தகையோரின் உடல் தன் தசையையே கரைத்துச் சக்தி தேடும். படுக்கைக்குச் செல்லுமுன் ஒரு சிற்றுண்டி உண்பது இவ்விழப்பைக் குறைக்கின்றது. நண்பருக்கு இரவு ஒன்பதரை மணிக்குப் பாலும் இரண்டு துண்டுப் பாணும் கொடுக்கும்படி நிபுணர் கூறினார். நாடோறும் மெல்ல நடக்கவும் பணித்தார். உண்ட புரதம் தசையாக மாறுவதற்கு உடலசைவும் வேண்டும்.

மூன்று வாரங்கள் கழிந்தன. மீண்டும் இரத்தம் எடுக்கப்பட்டது. அல்புமின் எவ்வளவு தெரியுமா? 31. இரண்டே கிராம் உயர்ந்திருந்தது. மகளின் முகம் வாடிற்று. "இதற்காகவா, டொக்டர், இத்தனை நாள்?" என்றார். நிபுணர் பொறுமையோடு விளக்கினார்: "பிள்ளை, அல்புமின் மெதுவாக மாறும் பொருள். இன்று இரத்தத்தில் இருப்பதிற் பாதி, இருபது நாள் கழிந்தும் இருக்கும். ஆகவே அந்த எண் நேற்றைய கதையைத்தான் சொல்கிறது. அப்பாவைப் பாருங்கள். எடை கூடியிருக்கிறது, தாமாக மாடிப்படி ஏறுகிறார், பசிக்கிறது என்கிறார். நான் பார்த்திருந்தது அதற்காகத்தான்." இரண்டு நாளிற் பாதியாக மாறும் வேறொரு புரதமும் உண்டு, அண்மைக் காலத்து நிலையை அறிய அதனையும் சிலர் அளப்பர். ஆயினும், எந்த ஓர் எண்ணும் தனித்து நின்று தீர்ப்பு வழங்குவதில்லை என்பதே அன்று நான் கற்ற பாடம்.

இனி, அந்த மகளின் முதற் கேள்விக்கு விடை கூறலாம். காத்திருக்கும்போது புற்று வளராதா? வளரலாம். ஆதலினாலேயே எவரும் வரையறையின்றிக் காத்திருப்பதில்லை. ஊட்டம் மிகக் குன்றியவர்களுக்குப் பெரிய சத்திரசிகிச்சைக்கு முன் 7 முதல் 14 நாள் வரை ஊட்டச் சிகிச்சை அளிக்கவேண்டும் எனவும், புற்றுநோயாயினும் அவ்வாறே செய்யவேண்டும் எனவும் ஐரோப்பிய நெறிமுறைகள் கூறுகின்றன. என் நண்பருக்கு நிபுணர் மூன்று வாரம் தந்தார், அதற்குமேல் இல்லை. ஓரிரு வாரங்களிற் புற்றினால் வரக்கூடிய தீங்கு ஒரு தட்டிலும், தளர்ந்த உடலை வெட்டுவதனால் வரக்கூடிய தீங்கு மறு தட்டிலும் வைத்து நிறுக்கப்படுகின்றன. அந்தத் தராசைப் பிடிப்பதே நிபுணரின் கடமை. எண் தாழ்ந்ததற்கு உணவு காரணமாகாமல், ஈரலே முற்றாகத் தளர்ந்தது காரணமாயின், எத்தனை வாரம் ஊட்டினும் பயன் சிறிதே. அத்தகையோருக்கு, கட்டியை வெப்பத்தாற் சுட்டழித்தல், அதற்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்தல், தகுதியுடையோருக்கு ஈரலையே மாற்றிப் பொருத்துதல் ஆகிய வேறு வழிகள் ஆராயப்படும்.

நண்பருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இடர் எதுவுமின்றி முடிந்தது என்று கூறமாட்டேன். ஒரு வாரம் வயிற்றில் நீர் சேர்ந்தது, மருந்தினால் வடிந்தது. பதினைந்தாம் நாள் வீடு திரும்பினார். ஆறுமாதத்திற்கு ஒருமுறை ஸ்கான் பரிசோதனைக்குச் சென்றுவருகிறார். இறுகிய ஈரலிற் புதிய கட்டி தோன்றலாம் என்பதால் அக்கண்காணிப்பு ஒழியாது. மகள் இப்பொழுதும் ஒருவகை வருத்தத்தோடு சொல்வதுண்டு: "நாங்கள் நல்லதென்று நினைத்துத்தானே, மாமா, கஞ்சி கொடுத்தோம்." ஆம், நல்லதென்று நினைத்தே கொடுத்தார்கள். அன்புக்கு அறிவு துணை நிற்காதபோது நேரும் துன்பம் அது.

நேயர்களே, உங்கள் வீட்டில் ஈரல் நோயாளர் ஒருவர் இருப்பின், பத்தியம் தொடங்குமுன் வைத்தியரைக் கேளுங்கள். சத்திரசிகிச்சை குறிக்கப்பட்டால், "இவருடைய அல்புமின் எவ்வளவு? குறைவாயின் அதற்குக் காரணம் என்ன? அந்நாள் வரை இவர் என்ன உண்ணவேண்டும்?" என்னும் மூன்று கேள்விகளைக் கேட்கத் தயங்கவேண்டாம். மதுவை நிறுத்தினால் ஈரல் இளைப்பாறும். பி வைரசுக்கு எதிரான தடுப்பூசி நம் நாட்டுக் குழந்தைகளுக்கு வழங்கப்படுகின்றது, அதனைத் தவறவிடாதீர்கள். தாய்வானில் 1984 இற் குழந்தைகளுக்கு அத்தடுப்பூசி போடத் தொடங்கிய பின், சிறுவரிடையே ஈரற் புற்றுநோய் குறைந்தமை உலகறிந்த உண்மை.

நாள் தள்ளிப்போடப்பட்டது என்று கேட்டவுடன் நம்பிக்கையும் தள்ளிப்போயிற்று என்று மனம் கலங்காதீர்கள். அந்த நாள்களில் வீட்டாருக்கும் ஒரு வேலை உண்டு. அது அடுப்படியிலே தொடங்குகின்றது.